வெறுங்கல்லுக்காரி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. பின்னால் இருக்கிறவருக்குக் கேட்கவில்லை என்றால் அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு காட்டில் மனு வாங்குகிற அலுவலகம் ஒன்று இருந்தது. அத்திமரத்தடியில் மூன்று தட்டைக் கற்கள். அவைதான் மேசை. பொந்து ஒழுகுகிறது, பாதையில் முள் விழுந்து கிடக்கிறது, பக்கத்து வளைக்காரன் என் வாசலில் மண்ணைக் கொட்டுகிறான் என்று விலங்குகள் தேக்கிலையில் நகத்தால் கீறிக் கொண்டுவந்து கொடுக்கும்.

மேல் கல்லில் தலைமை எழுத்தர் கருத்தமணி, கரடி. நடுக் கல்லில் ஊசியப்பன், முள்ளம்பன்றி. ஓரக் கல்லில் செண்பகம், கீரி.

கரடியின் கல்லைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அதன் மேல் இலைகள் அவர் தாடை வரைக்கும் குவிந்து கிடக்கும். "ஐயா இருக்காங்களா?" என்று யாராவது கேட்டால், குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். "இருக்கேன், இருக்கேன். எம்புட்டு வேலை கிடக்குன்னு தெரியலையா? அடுத்த மாசம் வா."

ஊசியப்பன் வழி வேறு. கல்லில் இடம் தீர்ந்ததும், வருகிற இலையை எல்லாம் தன் முதுகு முள்ளில் குத்திக்கொள்வான். நடந்தால் சருகு மேடு ஒன்று நடந்து வருகிற மாதிரி இருக்கும். முதுகில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்?

செண்பகம் அப்படியில்லை. ஓர் இலை வந்தால் வாசிப்பாள். எழுந்து போவாள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லி, ஆக வேண்டியதை முடித்து, பதிலை அதே இலையின் பின்புறம் கீறி, மனு கொடுத்தவர் கையிலேயே சேர்த்துவிடுவாள். இன்றைக்கு முடியாது என்றால், பக்கத்துப் பாறை இடுக்கில் வந்த கிழமைப்படி செருகி வைப்பாள். பொழுது சாய்வதற்குள் அவள் கல் துடைத்துவிட்டது போலக் கிடக்கும்.

அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. அந்த அலுவலகத்தில் குவியலின் உயரம்தான் மரியாதை.

ஒரு நாள் கரடி குவியலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா செண்பகம், உன் கல்லு என்ன நக்கி வச்ச மாதிரி கிடக்கு? உனக்கு வேலையே இல்லையா?"

"இருந்துச்சுங்க ஐயா. முடிச்சுட்டேன்."

"முடிச்சுட்டியா? இருபது கோடையா இங்க உட்கார்ந்திருக்கேன். எனக்கே முடியலை. நீ முடிச்சுட்டியாக்கும்."

ஊசியப்பன் சிரித்தான். முதுகு சலசலத்தது.

"நாளன்னிக்கு யானையம்மா ஆய்வுக்கு வர்றாங்க," என்றார் கரடி. "வெறுங்கல்லுக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு கேட்பாங்க. கேட்கலைன்னா நானே சொல்லுவேன். அதுக்குள்ள உன் கல்லு மேல என் முழங்கால் உயரமாவது இலை இருக்கணும். இல்லைன்னா இறங்கிடு."

செண்பகம் தன் கல்லைப் பார்த்தாள். அந்தக் கல் அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. கீரிக் கூட்டத்தில் அலுவலகக் கல்லில் ஏறிய முதல் ஆள் அவள்தான். அவளை இறக்கிவிட்டால் இன்னொரு கீரியை அங்கே யாரும் ஏற்றப் போவதில்லை. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"மாட்டேங்க ஐயா."

"எதை மாட்டே?"

"ரெண்டையும். குவிக்கவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்."

கரடி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இந்த மாதிரி பதில் அவர் கேட்டதே இல்லை.

ஊசியப்பன் மெல்ல நகர்ந்து வந்தான். "அக்கா, வீம்பு பண்ணாதே. என் முதுகுல இருந்து ரெண்டு பிடி உருவிக்கோ. எனக்கும் பாரம் குறையும். யானையம்மா ஒவ்வொண்ணா படிக்கவா போறாங்க?"

"அதெல்லாம் யாரு மனுடா?"

"யாருக்குத் தெரியும்? அடியில இருக்கிறது போன மழைக்கு முன்னாடி வந்தது."

"எவளோ ஒருத்தி ஒழுகுற பொந்துல உட்கார்ந்து, இன்னிக்குப் பதில் வரும், நாளைக்குப் பதில் வரும்னு பார்த்துக்கிட்டிருப்பா. அவ இலையை எடுத்து என் கல்லுக்குச் சோடனை பண்ணச் சொல்றியா?"

"அப்ப சருகையாவது பொறுக்கிப் போடு. தூரத்துல இருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்லை. போய் உன் முதுகைப் பாரு."

ஆய்வு நாள் வந்தது. செண்பகம் வெள்ளென வந்து, கல்லில் தண்ணீர் தெளித்து, வாலால் துடைத்தாள். அது முன்னைக்கு இப்போது இன்னும் பளிச்சென்று இருந்தது. கரடியோ சோறு தின்ற வாழை இலை, தேனடை சுற்றி வந்த இலை எல்லாவற்றையும் மேலே போட்டு, குவியலை மூக்கு வரைக்கும் ஏற்றிவிட்டார்.

விடியலில் வர வேண்டிய யானையம்மா உச்சி வெயிலில் வந்தார். வயிறு வரை சேறு. முன்னங்கால் வீங்கியிருந்தது.

"ஆத்துப் பாதையில ஆலமரம் வேரோட சாஞ்சு கிடக்கு," என்றார். "சேத்துல இறங்கிச் சுத்தி வந்தேன். கால் பிசகிடுச்சு. என் ஒருத்தியால நகர்த்த முடியாது, ஆள் சேர்த்து அனுப்புங்கன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே காக்கா கிட்ட இலை கொடுத்தனுப்பினேன். அது யார் கிட்ட இருக்கு?"

ஊசியப்பன் தன் முதுகைப் பார்க்கிறேன் என்று நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுற்றினான்.

கரடி தொண்டையைச் செருமினார். "அம்மா, எங்க கிட்ட வந்தது எதுவும் தொலையாது. முதல்ல அந்த வெறுங்கல்லுக்காரியைக் கேளுங்க. வேலை செய்ய வலிக்குதுன்னு அவதான் தூக்கி எறிஞ்சிருப்பா. அவளை இறக்கிவிடணும்னு நானே சொல்லலாம்னு இருந்தேன்."

யானையம்மா திரும்பினார். செண்பகம் பின்னங்காலில் நிமிர்ந்து நின்றாள்.

"பாருங்கம்மா. கல்லு மேல ஒண்ணுமில்லை. இடுக்குல மூணு இலை, மூணும் இன்னிக்கு வந்தது. உங்க இலை என் கிட்ட இல்லைன்னு தெரிஞ்சுக்க ஒரு பார்வை போதும். நான் எறிஞ்சேனான்னு காக்காவைக் கேளுங்க, யார் கையில கொடுத்துச்சுன்னு சொல்லும். அதுக்கு முன்னாடி, தன் கல்லு மேல அது இல்லைன்னு ஐயாவைச் சொல்லச் சொல்லுங்க."

கரடியால் சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவசரமாகக் கையை விட்டுத் துழாவினார். வாழை இலை வந்தது. தேனடை சுற்றிய இலை வந்தது. ஒரே ஆமை ஒரே குறையை எழுதிய ஒன்பது இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

யானையம்மாவுக்குப் பொறுமை போயிற்று. தும்பிக்கையைக் குவியலின் அடியில் நுழைத்தார். கல்லோடு தேன் ஒட்டிக் கிடந்த ஓர் இலையைப் பிய்த்து எடுத்தார். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் அவர் கால் நகத்தின் கீறல்.

"கருத்தமணி, நீ என்னை நடக்க வச்சது பெரிசில்லை. இதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் கிடக்காங்க? செண்பகம், இனிமே மேல் கல்லு உனக்கு."

"அப்ப இந்தக் குவியலையும் அவளே கட்டி அழட்டும்," என்றார் கரடி வெடுக்கென்று.

"கல்லை எடுத்துக்கிறேம்மா," என்றாள் செண்பகம். "குவியலை எடுத்துக்க மாட்டேன். குவிச்சவர் கையாலதான் ஒவ்வொரு இலையும் அதனதன் வீட்டுக்குப் போகணும். ஏன் இத்தனை நாளாச்சுன்னு அவர் வாயாலதான் சொல்லணும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் யானையம்மா.

மேசை மேல் குவிந்து கிடப்பது நாம் செய்த வேலை இல்லை, நமக்காக யாரோ காத்துக் கிடக்கிற வேலை என்று அந்தக் காடே தெரிந்துகொண்ட அன்று மத்தியானம், செண்பகம் மேல் கல்லில் ஏறி, பின்னங்கால் இரண்டையும் குவியலில் ஊன்றி, ஒரே உந்தில் அத்தனையையும் கரடியின் மடியில் தள்ளிவிட்டாள்.