பொன்னாடை போர்த்திய லேப்டாப்

தலைவர் ஆவுடையப்பனின் புது கேமிங் லேப்டாப் கொதித்தது; கேம் திக்கித் திக்கி ஓடியது. லேப்டாப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து பிலோமினாவை வரவழைத்தார். அந்தக் கடைக் கட்டடமே அவருடையது.

"செட்டிங் எல்லாம் உச்சத்துல இருக்கணும். சூடும் கூடாது, ஃபேன் சத்தமும் கூடாது. முடியலேன்னா உன் வேலை போச்சு."

செட்டிங்கைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள், சூடு தணியவில்லை. மேடைகளில் வாங்கிய பொன்னாடைகளை மெத்தையாக மடித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தார். காற்றுத் துளைகள் அடைபட்டுக் கிடந்தன.

"இந்தத் துணிய எடுத்துரட்டுமா, தலைவரே?"

"அது மரியாதை. கை வைக்காதே!"

"அப்போ உங்களுக்கும் மரியாதை செஞ்சுருதேன்."

பீரோவில் மிச்சமிருந்த பொன்னாடைகளை எடுத்து அவர்மேல் அடுக்கடுக்காகப் போர்த்தினாள். சுற்றி நின்ற தொண்டர்கள் கை தட்டினார்கள். சத்தம் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தினாள்.

"இப்போ உச்சக் குரல்ல பேசுங்க, தலைவரே."

பேச ஆரம்பித்த தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. "மூச்சு முட்டுது, எடுத்துத் தொலை!" என்று கத்தினார்.

"லேப்டாப்பும் காலையிலேருந்து அதைத்தான் சொல்லுது."

ஒரு தொண்டர் சிரித்துவிட்டார். தன்மேல் கிடந்தவற்றை உதறிவிட்டு, லேப்டாப்புக்கு அடியிலிருந்த மெத்தையையும் தலைவரே உருவி எறிந்தார். சூடு தணிந்து, கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அன்று மாலையே அவர் கடை முதலாளிக்குப் போன் போட்டார். பிலோமினாவை முதலாளி வெறுங்கையோடு அனுப்பவில்லை. தலைவர் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி, ஒரு பொன்னாடையைப் போர்த்தித்தான் வேலையை விட்டு அனுப்பினார்.