யானை மேல் சேனாதிபதி சொன்னது

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டு ராஜா, காலமாகிவிட்ட சேனாதிபதி மழவராயருக்கு ஒரு கல் நட ஆசைப்பட்டார்.

"ஆற்றங்கரைப் போரில் யானை மேலிருந்து அவர் பேசியதை, சொன்னது சொன்னபடியே கல்லில் வெட்ட வேண்டும்" என்றார்.

ஆஸ்தானப் புலவர் அலங்காரக் கவிராயர் இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். "அடியேன் அந்த யானைக்குப் பக்கத்திலேயே நின்றேன், மகாராஜா. சண்டை உச்சத்தில் இருந்தபோது, 'வாள் முறிந்தால் என் விலா எலும்பை உருவிப் போரிடுவேன். முதுகை மட்டும் காட்டேன்' என்று சேனாதிபதி முழங்கினார். இந்தக் காதால் கேட்டேன்."

சபை உருகியது. விகடகவி இடும்பனுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் மழவராயரோடு பத்து வருஷம் சொக்கட்டான் ஆடியவன். ஜெயித்தால்கூட வாய் திறக்காத மனிதர் அவர். விலா எலும்பாம், உருவுவாராம்!

கவிராயருக்கு இடும்பன் மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். "மாண்டவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறான், மகாராஜா. நான் சொன்னது பொய்யென்றால் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கும் கோபம். "நாளைக் காலை வரை தவணை" என்று எழுந்து போய்விட்டார்.

இடும்பன் தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு நடந்தான். செத்தவரையா சாட்சிக்குக் கூப்பிட முடியும்? வீட்டில் அவன் மனைவி ஆவுடை வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டே அவன் கதையைச் சொல்லத் தொடங்கினான்.

"வாயில வெத்தலைய வச்சுக்கிட்டுப் பேசாதீங்க. வேட்டியெல்லாம் கறை, யார் துவைக்கிறது?" என்றாள் அவள்.

இடும்பன் குனிந்து வேட்டியைப் பார்த்தான். பிறகு, மூட்டை கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு யானைக் கொட்டடிக்கு நடந்தான்.

மறுநாள் சபையில் அவன் கைகட்டி நின்றான். "மகாராஜா, படை புறப்படும்போது தாங்கள் சேனாதிபதிக்குத் தாம்பூலம் தருவது நம் வழக்கம். பகைவன் கொடி சாயும்வரை அது அவர் வாயிலேயே இருக்க வேண்டும். துப்பினால் தோல்வி. மழவராயர் துப்பினாரா, கவிராயரே?"

"சிவ சிவா, அப்படிச் செய்வாரா?"

"அவர் முழங்கியது கொடி சாய்வதற்கு முன்புதானே?"

"ஆமாம்" என்றார் கவிராயர். குரல் இறங்கிவிட்டது.

"சொன்னது சொன்னபடி என்பது ராஜ கட்டளை. தாங்களும் தாம்பூலத்தோடு முழங்கிக் காட்டுங்கள்."

ராஜாவே ஐந்து வெற்றிலையும் ஒரு முழுப் பாக்கும் மடித்துக் கவிராயர் வாயில் வைத்தார். ராஜா கொடுத்ததைத் துப்ப முடியுமா? கவிராயர் மென்றார், மார்பை நிமிர்த்தினார், 'வாள்' என்று ஆரம்பித்தார். அது பட்டுச் சால்வையில் வழிந்தது. விலா எலும்பு முன்வரிசை மந்திரிகள் மேல் தெறித்தது.

ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தபின், "அப்படியானால் என் மழவராயர் என்னதான் சொன்னார்?" என்று கேட்டார்.

"யானைப்பாகனைக் கேட்டேன், மகாராஜா. 'எதிரி மூவாயிரம் பேர், நாம எண்ணூறு பேர்தான். யானைய முன்னால ஓட்டட்டுமா ஐயா?' என்று கேட்டானாம். சேனாதிபதி 'ம்' என்றாராம்."

ராஜா தம் காதுக் கடுக்கனைக் கழற்றி இடும்பனுக்குக் கொடுத்தார். கல்லும் நட்டார்கள். ஆள் உயரக் கல்லில் அந்த ஓர் எழுத்துதான். அவ்வழியே போருக்குப் போகிற வீரர்கள் அதைப் படித்துவிட்டு, தாங்களும் ஒரு 'ம்' சொல்லிவிட்டுத்தான் நடப்பார்களாம்.