கொள்ளிக்கண்ணும் கண்ணாடித் தெருவும்

சாம்பக்குறிச்சி ஆட்களை அவசரக்காரர்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. எந்தக் காரியத்தையும் நாலு பேராக உட்கார்ந்து, நிதானமாக யோசித்துத்தான் கெடுப்பார்கள்.

அந்த ஊர்க் கொளஞ்சிக்கு வயது முப்பத்திரண்டு. ஏழு வயதில் ஒருநாள் பக்கத்து வீட்டு எருமையைப் பார்த்து நல்லா இருக்கே என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அன்று சாயங்காலமே எருமைக்குப் பால் வற்றிவிட்டது. எருமை கிழடு தட்டி ரொம்ப நாளாகிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பையனுக்குக் கொள்ளிக்கண் என்று ஊர் முடிவு கட்டியது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது இல்லையா? அன்றிலிருந்து யாராவது சாப்பிட்டால் கொளஞ்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் வானத்தைப் பார்ப்பான். எதையும் அரை நிமிஷத்துக்கு மேல் பார்த்துப் பழக்கமில்லாதவன், பாவம்.

அப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு பெண் அமைந்தது. பெயர் செங்கமலம். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை கண்ணில் துண்டைக் கட்டித்தான் உட்கார வைத்திருந்தார்கள். வளையல் சத்தம் கேட்டது. "அவருக்குக் காப்பி குடுத்தீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்று கொளஞ்சிக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் கண்ணின் வேகம் தணியாமல் என் மகளைப் பார்க்கக் கூடாது என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

நாட்டாமை ராசவேலு யோசித்தார். எவ்வளவு ஊறுகிற கிணறானாலும் விடாமல் இறைத்தால் வற்றும், கண்ணும் அப்படித்தான், பெரிய பெரிய பொருளாகப் பார்க்க வைத்து இறைத்துவிட வேண்டும் என்றார். ஊருக்குள் இறைத்தால் நம் பொருள் போகும், பட்டணத்தில் இறைத்தால் யாருடைய பொருளோதானே போகும் என்றும் சொன்னார். ஊருக்கு வரும் மினி பஸ்ஸின் டிரைவர் காத்தவராயனுக்கு ஒரு தெரு தெரிந்திருந்தது. சென்னையில் இருக்கும் அவன் மச்சான், அந்தத் தெருவில் பார்க்கத்தான் முடியும், வாங்க முடியாது என்று சொல்லியிருந்தானாம். பார்ப்பதற்கென்றே ஒரு தெரு போட்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நாட்டாமை, காத்தவராயன், கொளஞ்சி, அவன் தாய்மாமன் பூமாலை என்று நாலு பேரும் புதன்கிழமை காலையில் போய் இறங்கினார்கள். வேப்பமரங்களுக்குக் கீழே வழவழவென்று நடைபாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் பொருள். நாட்டாமை உத்தரவு போட்டார்.

"கண்ணு கொட்டாம பாரு. ஒண்ணையும் விட்டுடாத."

கொளஞ்சி கண் கொட்டவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது. கண் காய்ந்துபோனால் மாமன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விட்டார்.

முதல் கடையில் கைக்கடிகாரங்கள். கொளஞ்சி பார்த்தான். மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். பதினெட்டுக் கடிகாரமும் பத்து மணி பத்து நிமிஷத்தில் நின்றிருந்தன. மாமன் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

"நம்ம வர்றதுக்கு முன்னாடியே நின்னுருக்குமோ?" என்றான் காத்தவராயன்.

"ஓடாத கடிகாரத்தை எவன்டா கண்ணாடிக்குள்ள வெச்சு விப்பான்?" என்றார் நாட்டாமை.

கொளஞ்சி கண்ணாடியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

இரண்டாவது கடையில் கால்சட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றும் முட்டியில் கிழிந்து நூல் தொங்கியது. புத்தம் புதுத் துணி, பார்த்த மாத்திரத்தில் கந்தலாகிவிட்டதே என்று மாமன் உச்சுக்கொட்டினார். மூன்றாவது, பெண்கள் துணிக்கடை. பட்டும் ஜரிகையுமாக நாலு பொம்மைகள், இடுப்பில் கைவைத்து நின்றன. நாலுக்கும் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"தலையையே எடுத்துட்டானே" என்று மாமன் மெதுவாகச் சொன்னார்.

கொளஞ்சி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்தது. செங்கமலத்தின் முகத்தை அவன் இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்க்கிற அன்றைக்கு அது இருக்க வேண்டுமே.

நாட்டாமை மட்டும் தளரவில்லை. கிணற்றின் அடித்தண்ணீர் இப்படித்தான் வேகமாக வரும், இறைப்பதை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அவனை நாலாவது கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிய கடை. நம் ஊர்க் கல்யாண மண்டபம் அதற்குள் அடங்கும். அவ்வளவு பெரிய கடையில், நட்டநடுவே ஒரு மேடைமேல், ஒரே ஒரு கைப்பை இருந்தது. வேறு ஒரு சாமானும் இல்லை. அலமாரியெல்லாம் காலி.

நாலு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி மூலைமூலையாகத் தேடிப் பார்த்தார்கள்.

"கடையையே துடைச்சிட்டான். அந்த ஒண்ணு மட்டும் ஏன் மிச்சம்?" என்று காத்தவராயன் கேட்டான்.

"அதைப் பாக்குற நேரத்துல தும்மியிருப்பான்" என்றார் நாட்டாமை.

நாட்டாமைக்கே இப்போது மனசு உறுத்தியது. யாருடைய பொருளோ போகட்டும் என்று வந்ததெல்லாம் சரி, அதற்காக ஒரு குடும்பத்தை இப்படியா நடுத்தெருவில் நிறுத்துவது? பரிகாரம் செய்துவிட்டுப் போவதுதான் மரியாதை. மருமகன் எங்கே போனாலும் பூமாலை மாமன் மடியில் உப்பும் மிளகாயும் கட்டிக்கொண்டுதான் போவார். கண் பட்டதை மூன்று தடவை சுற்றிப் போட வேண்டும். மனுஷனானால் நிற்க வைத்துச் சுற்றலாம்; கடையைச் சுற்றுவதானால் நாம்தான் ஓட வேண்டும். மாமன் கைப்பிடி மிளகாயோடு கட்டடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி, முதல் சுற்றில் அவரைப் பார்த்துச் சல்யூட் அடித்தார். இரண்டாவது சுற்றில் யோசித்தார். மூன்றாவது சுற்றில் கையை நீட்டித் தடுத்து, இன்னா பெரியவரே என்று கேட்டார். மாமனுக்கு மூச்சு வாங்கியது. நாட்டாமைதான் முன்னால் வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் முதலாளியை நாங்கள் ஓட்டாண்டி ஆக்கிவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டார்.

செக்யூரிட்டி காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற மனுஷர். சிரிக்கவும் அவருக்குத் தெம்பில்லை.

"தெனம் ஆயிரம் பேர் இந்தப் பையைப் பாத்து ஏங்கிட்டுப் போறாங்க சார். ஒண்ணும் ஆவல. அதான் நடுவுல கண்ணாடி இருக்குல்ல?"

"அப்ப அந்த பொம்மைங்க தலை?" என்று நாட்டாமை கேட்டார்.

"வரும்போதே அப்டித்தான் வருது."

நாட்டாமை கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கொளஞ்சியைக் கூப்பிட்டுப் பையைப் பார்க்கச் சொன்னார். அவன் பயந்துகொண்டே பார்த்தான். ஒரு நிமிஷம் ஆனது, பை இருந்தது. கால் மணி ஆனது, அப்போதும் இருந்தது. தவிட்டு நிறம், தங்கக் கொக்கி, ஓரத்தில் வெள்ளைத் தையல். பிறந்ததிலிருந்து அவன் ஒரு பொருளை இத்தனை நேரம் பார்த்ததில்லை. ஒரு பொருளில் பார்க்க இவ்வளவு இருக்கிறதா என்று சந்தோஷத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான். இனிக் கிளம்பலாம் என்று அவனைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டது.

ஊருக்குத் திரும்பியதும் தீர்ப்பு சொல்வதில் நாட்டாமைக்குச் சிரமமே இருக்கவில்லை. கண் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும், நடுவில் கண்ணாடி இருந்தால் போதும். அவ்வளவு பெரிய கண்ணாடி சாம்பக்குறிச்சியில் ஒன்றுதான் இருந்தது. முகூர்த்தத்தன்று விடியற்காலையில் காத்தவராயன் மினி பஸ்ஸின் முன்கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தான்.

மணமேடையில் பெண்ணின் முகத்துக்கு நேராக இரண்டு பேர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார்கள். கொளஞ்சி கண்ணிலிருந்த துண்டை அவிழ்த்தார்கள். முதலில் அவன் கழுத்துக்கு மேலே பார்த்தான். தலை இருந்தது. அகலமான முகம், மூக்கில் வியர்வை, கண்ணாடி மேல்மூலையில் ஒட்டியிருந்த முருகன் படத்துக்குக் கீழே இரண்டு பெரிய கண்கள். அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அடியில் கையைவிட்டுத் தாலி கட்டினான். கெட்டிமேளம் அடித்து ஓய்ந்த பிறகும் அவன் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"சாப்பிட்டுட்டு வந்து பாக்கறது. நான் எங்க போயிடப் போறேன்?" என்றாள் செங்கமலம்.

மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. முன்கண்ணாடி இல்லாத பஸ்ஸில் முகத்தில் தூசி அடிக்கிறது என்று பயணிகள் கூச்சல் போட்டார்கள். கண்ணாடியைப் பஸ்ஸுக்குத் திருப்பி மாட்ட வேண்டியதாகிவிட்டது. கொளஞ்சி சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டான். பஞ்சாயத்து கூடியது. கண்ணாடி இருக்கிற இடத்துக்குப் பெண் போகட்டும் என்று தீர்ப்பானது. அதன்படி செங்கமலம் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கொளஞ்சி பஸ்ஸுக்கு முன்னால், அவளைப் பார்த்தபடியே, பின்னோக்கி ஓடினான்.

இது ஒரு வாரம் நடந்தது. அதற்குள் கொளஞ்சி இரண்டு மைல்கல்லிலும் ஒரு வைக்கோல் வண்டியிலும் முட்டிக்கொண்டான். புருஷன் மண்டை உடைவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சகிக்கவில்லை என்று செங்கமலம் அழுதாள். மறுபடியும் பஞ்சாயத்து. நாட்டாமை இந்தத் தடவை ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் தீர்ப்புச் சொன்னார்.

அன்றிலிருந்து சாம்பக்குறிச்சி மினி பஸ் விருத்தாசலம் வரைக்கும் ரிவர்ஸிலேயே போகிறது. முன்கண்ணாடி பின்னால் வருவதால் கொளஞ்சி நேராகவே ஓடிவருகிறான், எதிலும் முட்டிக்கொள்வதில்லை. போகிற வழி தெரியவில்லையே என்று காத்தவராயன் ஒருமுறை கேட்டான். உனக்கா புதுசாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது, தெரிய வேண்டியவனுக்குத் தெரிந்தால் போதும் என்று நாட்டாமை சொல்லிவிட்டார்.