தலைவரின் கட்டியைக் காவல் காத்த சங்கம்

மாந்தாங்கலில் ஒரு வடம் இழுப்போர் சங்கம் இருந்தது. பிடித்த கயிற்றை விடக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததால், போட்டி முடிந்த பிறகும் கயிற்றை விடாமல் ஊர்வரை இழுத்துவந்த புண்ணியவான்கள். அதற்குப் பிறகு அவர்களை யாரும் போட்டிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் தலைவர், செயலாளர் எல்லாம் குறைவில்லாமல் இருந்தார்கள்.

தலைவர் தணிகாசலத்தின் பிடரியில் ஒரு கட்டி கிளம்பியது. சங்கமே திரண்டு அவரைத் தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனது.

டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். "வெறும் கொழுப்புக் கட்டி. மெத்துனு இருக்கு, தொட்டா நகருது, வலியும் இல்ல. ஒண்ணும் பண்ணாது. இப்ப பட்டாணி அளவு இருக்கு. கண்காணிச்சிட்டு இருங்க, வேகமாப் பெருசானாலோ கெட்டியானாலோ வாங்க. உடம்புல எந்த மச்சமாவது பரவினாலோ, ரத்தம் கசிஞ்சாலோ உடனே வரணும்."

வெளியே வந்ததும் கன்னியப்பன் என்ற உறுப்பினர் தயங்கித் தயங்கிச் சொன்னான். "என் குதிகால்ல ஒரு கறுப்பு மச்சம் இருக்குதுண்ணே. பரவிக்கிட்டே போவுது. செருப்பெல்லாம் ரத்தம்."

செயலாளர் பூங்காவனம் நின்று யோசித்தார். "டாக்டரம்மா யார் உடம்பப் பாத்துச் சொன்னாங்க?"

"தலைவர் உடம்ப."

"அப்புறம் உன் குதிகால் எதுக்கு நடுவுல வருது?"

கன்னியப்பனும் அது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டான். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

கண்காணிப்பு அன்றே தொடங்கியது. கட்டி மறையாமலிருக்கத் தலைவரின் சட்டைகளில் எல்லாம் பின்பக்கம் சதுரமாகத் துணியை வெட்டினார்கள். அவர் குளித்தாலும் சாப்பிட்டாலும் ஒருவர் பின்னால் நின்று பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாயக்கூட அவருக்கு அனுமதியில்லை. கன்னியப்பன் முறை வரும்போது அவன் ஒற்றைக் காலில் நின்று பார்த்தான்.

கட்டி பெரிதாகிறதா என்று ஒப்பிட மளிகைக்கடையில் ஒரு காய்ந்த பட்டாணி வாங்கினார்கள். அது உருண்டு தொலைந்துவிடக் கூடாதென்று ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் பட்டாணி பெருத்திருந்தது.

"கட்டி இளைச்சிப்போச்சு" என்றார் பூங்காவனம், கவலையோடு.

"நல்லதுதானே?" என்றான் கன்னியப்பன்.

"பெருசானா வரச் சொன்னாங்க. இளைச்சா என்ன செய்யணும்னு சொல்லலியே."

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தலைவருக்கு நெய்ச்சோறு போடத் தீர்மானித்தார்கள். தலைவர் இதை எதிர்க்கவில்லை. அவருடைய தொப்பைதான் தேறியது.

அதற்குள் பட்டாணி முளைவிட்டது. சங்கம் கதிகலங்கிப்போனது. முளைத்தது பட்டாணிதானே என்பதால் தலைவரை நெய்ச்சோற்றோடு வீட்டில் விட்டுவிட்டு, டம்ளரை மட்டும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டோக்கன் தலைவர் பெயரில் வாங்கினார்கள்.

டாக்டரம்மா டம்ளரைப் பார்க்கவில்லை. தரையில் நொண்டிக்கொண்டு வந்த ரத்தத் தடத்தைப் பார்த்தார். கன்னியப்பனை உட்காரவைத்துக் குதிகாலைத் திருப்பியதும் அவர் முகம் மாறிவிட்டது. "இத உடனே வெட்டியெடுத்து சோதனைக்கு அனுப்பணும். தாமதிச்சா உயிருக்கே ஆபத்து."

பூங்காவனம் குறுக்கே வந்தார். "மன்னிக்கணும் டாக்டரம்மா. டோக்கன் தலைவருக்கு. இவன் சாதாரண உறுப்பினர்."

"என்ன பேசறீங்க நீங்க?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கன்னியப்பனும் எழுந்து நொண்டிக்கொண்டே வாசலை நோக்கிப் போனான். டாக்டரம்மா கதவை மறித்து நின்றார். சங்கம் மூலையில் கூடிப் பேசியது. பிறகு பூங்காவனம் தொண்டையைச் செருமினார். "கன்னியப்பன ஏகமனதா தலைவராத் தேர்ந்தெடுத்துட்டோம். இப்ப வெட்டலாம்."

மச்சம் வெட்டியெடுக்கப்பட்டது. நல்லவேளை, அது இன்னும் உள்ளே பரவியிருக்கவில்லை. கன்னியப்பன் பிழைத்துக்கொண்டான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தையல் பிரித்த அன்று சங்கம் மறுபடியும் வந்தது. இந்தமுறை தணிகாசலத்தையும் இழுத்து வந்திருந்தார்கள்.

"ஒரு சின்ன வேலை பாக்கி" என்றார் பூங்காவனம். "நாங்க கண்காணிக்க வேண்டியது தலைவரோட கட்டி. தலைவர் இப்ப கன்னியப்பன். கட்டி மட்டும் பழைய ஆள் கழுத்துலயே இருக்கு. அத எடுத்து இவன் கழுத்துல வெச்சிட்டீங்கன்னா, நாங்க எங்க வேலையப் பாப்போம்."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

தணிகாசலம் மட்டும் பிடரியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். "பதவியக் கேட்டீங்க, குடுத்துட்டேன். கட்டியத் தர மாட்டேன். அது நான் சொந்த உழைப்புல வளத்தது."