இருபத்துமூன்றாவது ஸ்பூன்

இது நான் பார்த்ததில்லை. அணை ஏரியில் படகோட்டும் போஜன் சொன்னது. அன்று படகில் இருந்த மூவரில் அவரும் ஒருவர். வீரபத்திரன் மனதுக்குள் நடந்தவற்றை, வீரபத்திரனே பின்னால் அவரிடம் சொல்லியிருக்கிறார். பிடிபட்ட மீன் இரண்டு கிலோ என்றார் போஜன். அதை மட்டும் நான் அப்படியே நம்பவில்லை.

வீரபத்திரன் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு ரூபவதிக்கு நாற்பது. மீன்வளத் துறையில் ஏரிக் காவலர். ட்ரவுட் மீன் பிடிப்பதில் அந்த மலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியும்போதே வீரபத்திரன் கரையில் வந்து நிற்பார்.

"ரூபாக்கா, உங்க சிஷ்யப்பிள்ளை வந்தாச்சு" என்று போஜன் குரல் கொடுப்பார்.

"பிள்ளைக்கு மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேளுங்க" என்பாள் ரூபவதி.

அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். ஏரி நடுவில் படகை நிறுத்தியதும் மடியில் வைத்துத் திறந்தார். உள்ளே வெல்வெட் துணியில் இருபத்திரண்டு பித்தளை ஸ்பூன்கள். ஸ்பூன் என்றால் சாப்பிடுகிற கரண்டி அல்ல. விரல் நீளத் தகடு, ஒரு நுனியில் வளையம், மறு நுனியில் முள். தண்ணீருக்குள் இழுத்தால் குட்டிமீன் போல மினுங்கும். ட்ரவுட் ஏமாந்து கவ்வும். இவை ஐம்பது வருடத்துக்கு முன் இதே மலையில் செய்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் செய்தவரின் அடையாளமாக மூன்று புள்ளி குத்தியிருந்தது.

"தங்கம் மாதிரி வச்சிருக்கீங்களே சார்" என்றாள் ரூபவதி.

"பதினோரு வருஷம் தேடினது. செவ்வாய்க்கிழமை தூண்டில் சங்கத்துல கண்காட்சி. அதுல ரெண்டு பிரிவு. ஒண்ணு அசல், இன்னொண்ணு நகல். இதெல்லாம் நகல்ல போகட்டும்கிறார் செயலாளர்."

"ஏனாம்?"

"வெள்ளைக்காரன் ஸ்பூனைப் பார்த்து எவனோ கை நடுங்கிக்கிட்டே வெட்டியிருக்கான்னு சொல்றார். லைன் வீட்டு ஸ்பூன்னு பேர் வச்சுச் சிரிக்கிறாங்க."

லைன் வீடு என்றால் எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடு. அதைச் சொல்லும்போது வீரபத்திரன் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் உங்ககிட்ட கேக்க வந்தேன். இது அசலா, நகலா?"

ரூபவதி பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துத் தூண்டில் நரம்பில் கட்டினாள். வீசினாள். அவசரமில்லாமல் ரீலைச் சுற்றினாள். அந்தக் குளிரில் ட்ரவுட் வேகமாகத் துரத்தாது. தகடு நேராக வந்தது. ஆடவில்லை, அசையவில்லை, மினுங்கவில்லை.

பத்துமுறை வீசினாள். இன்னொன்றை மாற்றி மறுபடி பத்துமுறை.

"செத்த இலை வர்ற மாதிரி வருதே" என்றார் போஜன்.

"நல்லா நேரா வருதுல்ல" என்றார் வீரபத்திரன், கொஞ்சம் பெருமையாகவே. "கையில கிடைச்சப்போ எல்லாமே வால் பக்கம் கோணலா இருந்துச்சு. கம்பளியை மடிச்சு வச்சு, மரச்சுத்தியால ஒவ்வொண்ணா நானே நிமிர்த்தினேன். ஒரு கீறல் விழல பாருங்க."

ரூபவதி துடுப்பு போடும் போஜனைப் பார்த்தாள். போஜன் வானத்தைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா சார்?"

"ஒண்ணு பாக்கி." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். "இருபத்துமூணாவது. நேத்துதான் கூரியர்ல வந்துச்சு. இதையும் நிமிர்த்தணும்."

கறுத்துப்போன ஸ்பூன். வால் இடப்பக்கம் லேசாக முறுகியிருந்தது. ரூபவதி அதை வாங்கி நரம்பில் கட்டினாள். தூண்டில் கோலை அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த மூழ்கின மரம் தெரியுதில்ல? அதுக்குப் பக்கத்துல வீசுங்க."

"அங்கேயா? மாட்டிக்கிட்டா அறுந்துருமே! கிடைக்கவே கிடைக்காதும்மா இது."

"கோணல்னுதானே சொன்னீங்க. கோணல் போனா என்ன சார்?"

வீரபத்திரனுக்குச் சுருக்கென்றது. குரு என்று சொல்லிவிட்டு மறுக்க முடியவில்லை. வீசினார்.

"மெதுவா. இன்னும் மெதுவா. எருமை அசைபோடுற மாதிரி."

சுற்றினார். கோலின் நுனி துடித்தது. மீன் இல்லை, தகடு. தண்ணீருக்குள் அது இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டு வருவது உள்ளங்கை வரை தெரிந்தது. அவ்வளவு மெதுவாக இழுத்தும் ஆடியது. கறுத்த பித்தளையின் ஓரம் மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

"இங்கிலாந்துல ஆத்துல பிடிக்கிறாங்க" என்றாள் ரூபவதி. "அங்க தண்ணியே தகட்டை ஆட்டிரும். இங்க தண்ணி நிக்குது."

வீரபத்திரனுக்குக் கை நின்றுவிட்டது. சின்ன வயதில் பார்த்த கறுக்குமலை எஸ்டேட் தொழிற்சாலையின் பின்பக்கம் கண்முன் வந்தது. அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் யேசுவடியான் வேலை முடிந்த சாயங்காலங்களில், தேயிலை உருட்டும் மேசையிலிருந்து கழித்த பித்தளையில் ஸ்பூன் வெட்டுவார். தொட்டியில் இழுத்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். குறடால் வாலை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு மறுபடி தொட்டிக்கு வருவார். கோணலை நேராக்குகிறார் என்றே இத்தனை காலம் வீரபத்திரன் நினைத்திருந்தார்.

தொட்டித் தண்ணீரும் நின்ற தண்ணீர்தான்.

அப்போது நரம்பு விண்ணென்று இழுபட்டது.

"மாட்டிக்கிச்சு! மரத்துல மாட்டிக்கிச்சு!"

"மரம் ஓடுமா சார்?" என்றார் போஜன்.

மீன் மரத்தைச் சுற்றிப் போகப் பார்த்தது. போஜன் துடுப்பை வலித்துப் படகைத் திருப்பினார். "விடுங்க... விடுங்க... இப்போ சுத்துங்க!" என்று ரூபவதி கத்தினாள். வீரபத்திரனுக்கு மூட்டுவலி மறந்துவிட்டது. நரம்பு கிளையில் உரசுவது கேட்டது. மீன் போனாலும் பரவாயில்லை, அந்தத் தகடு போய்விடக் கூடாது என்று ஒரு கணம். மறுகணம், இந்த மீனை இந்தத் தகடுதான் கொண்டுவர வேண்டும் என்று. கடைசியில் ரூபவதி கைவலையை நீட்டி அள்ளினாள். உடம்பெல்லாம் புள்ளி தெளித்த ட்ரவுட், படகுப் பலகையில் துள்ளியது. வாயோரத்தில் அந்தக் கோணல் ஸ்பூன்.

வீரபத்திரன் ஸ்பூனைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். கறுப்பின்மேல் மீனின் பல் கீறிய புதுக்கோடுகள். பிறகு மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பளபளவென்று, நேராக, இருபத்திரண்டு.

"அத்தனையையும் நானே..." என்று ஆரம்பித்தவர் பெட்டியை மூடிக் கீழே வைத்தார்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஏதோ தேயிலைத் தொழிற்சாலையில் எட்டு மணிச் சங்கு ஊதியது. வீரபத்திரன் சட்டென்று எழுந்து நின்றார். படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"உட்காருங்க சார், கவுந்துரும்!"

உட்கார்ந்தார். ரூபவதி சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷமாப் பார்க்கிறேன். சங்கு ஊதினா இந்த ஏரியில எழுந்திருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"பழக்கம்."

"காப்பீட்டு ஆபீஸ்ல சங்கு ஊதுவாங்களா?"

வீரபத்திரன் மீனின் செவுள் அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குத் தேயிலை உருட்டுற ரோலர்ல வேலை" என்றார். "அம்மா கொழுந்து எடுத்தாங்க. சங்கு ஊதும்போது உட்கார்ந்திருந்தா அப்பாவுக்குப் பிடிக்காது. யேசுவடியான் எங்களுக்கு அடுத்த வீடு. நான் பரீட்சையில தேறினதுக்கு முதல் ஸ்பூன் அவர்தான் கொடுத்தார். சங்கத்துல யாருக்கும் தெரியாது."

"அப்படியா" என்றாள் ரூபவதி. அவ்வளவுதான்.

அவர் பையிலிருந்து கண்காட்சிப் படிவத்தை எடுத்தார். ஏற்கெனவே நிரப்பியிருந்தது. விரல் ஈரத்தில் ஓரம் நனைந்தது.

"இப்போ சொல்லுங்கம்மா. இதை எந்தப் பிரிவுல வைக்கிறது? அவங்க கேட்டா என்னன்னு நிரூபிக்கிறது?"

ரூபவதி படிவத்தை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தாள். ஓரிடத்தில் ஈர விரலை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"மீன் கவ்விருச்சு சார். உங்க தாள்ல இன்னும் ‘செய்தவர்: தெரியவில்லை’ன்னே இருக்கு."

வீரபத்திரன் பேனாவைத் தேடினார்.

போஜன் சொன்னது இதோடு முடிகிறது. நான் பிறகு இரண்டு பதிவேடுகளைப் போய்ப் பார்த்தேன். ஏரியின் பதிவேட்டில் அன்றைய மீனின் எடை அறுநூற்று நாற்பது கிராம். சங்கத்துக் கோப்பில் இருக்கும் படிவத்தில் ‘தெரியவில்லை’ அடிக்கப்பட்டு, ‘பிட்டர் யேசுவடியான், கறுக்குமலை எஸ்டேட்’ என்று எழுதியிருக்கிறது. ‘அசல்’ என்ற கட்டத்தில் குறி. குறிப்பு என்ற இடத்தில், ‘வளைவு செய்தவருடையது. மற்ற இருபத்திரண்டும் நேராக இருப்பது என் பிழை.’ வீரபத்திரனுக்குக் குன்னூரில் சொந்த வீடு உண்டு. உரிமையாளர் முகவரியில் அது இல்லை. ‘மூன்றாம் லைன், ஏழாம் வீடு’ என்று இருக்கிறது.