பிள்ளையாருக்கு இடமில்லாத பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் பொன்னரசுக்குத் தலைவலிதான் மிச்சம். அவன் ஐ.டி.ஐ. முடித்து, சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். பெண்ணின் அப்பா தில்லைநாயகமோ ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். அவர் வீட்டார் பட்டங்களுக்கே தாள் போதாமல், அச்சகக்காரர் பிள்ளையார் படத்தைக் கடுகாகச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை பேர் மொட்டையா நிக்குதே! முகூர்த்தத்துக்குள்ள ஒரு பட்டம் வாங்கிடுங்க. இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றார் தில்லைநாயகம், காலையிலிருந்து நாலாவது தடவையாக.

பட்டம் என்ன, பெட்டிக்கடையில் தொங்கும் வாழைப்பழமா? பொன்னரசு பல்லைக் கடித்துக்கொண்டு, குரலில் மட்டும் பணிவைக் கூட்டினான்.

"வாங்கிடலாம் மாமா. அப்படியே பட்டத்துக்குப் பக்கத்துல அவங்கவங்க பார்க்கிற வேலையையும் போட்டுடுவோம். எனக்கு வெல்டர்னு போடட்டும். பி.இ. முடிச்ச நம்ம மச்சான்கள் மூணு பேருக்கும் என்ன போடச் சொல்லட்டும்?"

மூன்று மச்சான்களும் வருஷக்கணக்காக வீட்டில்தான் இருந்தார்கள். தில்லைநாயகம் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"பட்டமெல்லாம் எதுக்குப்பா? எல்லாருக்கும் வெறும் பேரைப் போடு" என்றார் அச்சகக்காரரிடம்.

"அப்பாடா!" என்றார் அவர். "இப்பதான் சார் பிள்ளையாருக்குத் தும்பிக்கை வைக்க இடம் கிடைச்சுது!"