தேம்ஸ் நதியில் ஒரு கடைசி விருந்து

முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் பிரிட்டன் தீவை எட்மண்ட் என்றொரு ராஜா ஆண்டாராம். சரித்திரப் புத்தகத்தில் அவரைத் தேடி மெனக்கெடாதீர்கள், அகப்பட மாட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் நிமிஷத்துக்கொரு புத்தி. காலையில் தங்கச் சங்கிலி போட்ட கழுத்துக்கு மாலையில் கயிறு போடச் சொல்லிவிடுவார்.

அவரை ஆட்டிவைத்தது ஒரே ஒரு பயம். சிம்மாசனத்துக்குப் பங்காளி ஒருவன் கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ரகசிய ஆட்கள் லண்டன் முழுக்க இருந்தார்கள். விருந்தில் "மன்னர் வாழ்க!" என்று எல்லோரும் மதுக்கோப்பையைத் தூக்கும்போது, அவர்கள் மட்டும் கை அலம்ப வைத்த தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலாகக் கோப்பையை நைசாகக் கொண்டுபோவார்கள். கிண்ணத்துத் தண்ணீர்தான் கடல். வாழ்த்து கடல் தாண்டிப் பங்காளிக்குப் போய்விட்டதாகக் கணக்கு! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ராஜாவுக்கு மேஜையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டாலே உதறல்.

இது மார்ட்லாக் பிரபுவுக்கு நன்றாகத் தெரியும். மந்திரி ஹம்ப்ரி வெல்டனின் பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண். ஒருநாள் விருந்து நடுவில் திடீரென்று எழுந்தார்.

"மன்னா! மந்திரியின் கோப்பை கிண்ணத்துக்கு மேலே போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!"

ராஜாவின் முகம் வெளுத்தது. "வெல்டன், உண்மையா?"

வெல்டனுக்கு மிளகுப்பொடிக்குக் கையை நீட்டியது ஞாபகம் இருந்தது. அந்தக் கையிலா கோப்பை இருந்தது? "மன்னா, அப்படி நினைத்துச் செய்யவில்லை..." என்று இழுத்தார்.

"போதும்! இவருக்குத் தூக்கு!" என்றார் ராஜா.

தூக்குக்கு நாள் குறித்தார்கள். அதுவரை வீட்டுக்காவல். லண்டன் காப்பிக் கடைகளில், மந்திரி மேடையில் அழுவாரா மாட்டாரா என்று பந்தயமே கட்டினார்கள். பாவி ஜனங்கள்!

வீட்டில் வெல்டனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மேஜைமேல் கிண்ணத்தை வைப்பதும், கோப்பையைத் தூக்கிப் பார்ப்பதுமாக இருந்தார். இப்படிப் போயிருக்குமோ? அப்படிப் போயிருக்குமோ? நினைக்க நினைக்கத் தன் கைமேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவர் மனைவி ஜூடித் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "கை எங்கே போனால் என்னங்க? உங்கள் மனசு எங்கேயும் போகவில்லையே!"

"மனசைப் பார்த்தா தூக்கில் போடுகிறார்கள், ஜூடித்? கையைப் பார்த்துத்தானே!"

"நல்ல நியாயம்! ஒரு கிண்ணத் தண்ணீருக்கே இந்தப் பாடு. வாசலில் தேம்ஸ் நதியே ஓடுகிறது. படகுக்காரன் கஞ்சி குடித்தால்கூட ராஜத்துரோகமா?"

அந்தப் பேச்சிலேயே வெல்டனுக்கு ஒரு யோசனை பிறந்தது. உடனே ராஜாவுக்குச் சொல்லியனுப்பினார்: "சாகப்போகிறவனின் கடைசி ஆசை. அரண்மனைப் படகில், நடு நதியில், மன்னருக்கு ஒரு விருந்து கொடுக்க வேண்டும்."

ராஜாவுக்குப் படகு விருந்து என்றால் உயிர். "ஆகட்டும்" என்றார்.

தூக்கு நாளன்று காலையில் படகு புறப்பட்டது. வாத்தியம் முழங்கியது. பிரபுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெல்டன் போட்ட கணக்கு பலிக்காவிட்டால் மத்தியானம் கயிறுதான்.

"மன்னா, விசுவாசத்தில் மார்ட்லாக் பிரபுவுக்கு மிஞ்சி ஆள் ஏது? முதல் வாழ்த்தை அவரே சொல்லட்டும்" என்றார் வெல்டன்.

மார்ட்லாக் உச்சி குளிர்ந்து எழுந்தார். "மன்னர் வாழ்க!" கோப்பை உதடு வரைக்கும் போயிற்று.

"பிரபுவே, ஒரு நிமிஷம்!" என்று குறுக்கிட்டார் வெல்டன். "உங்கள் கோப்பைக்குக் கீழே என்ன இருக்கிறது?"

"இதென்ன கேள்வி? பலகை."

"பலகைக்குக் கீழே?"

வாத்தியம் சட்டென்று நின்றது. மார்ட்லாக் படகு விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே தேம்ஸ் பளபளத்தது.

"கிண்ணத்துத் தண்ணீருக்கு மேலே கோப்பை போனால் தூக்கு. ஒரு நதிக்கு மேலேயே போனால் என்ன தண்டனை? சட்டம் தெரிந்தவர், நீங்களே சொல்லுங்கள்."

மார்ட்லாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐயையோ, வைத்துவிட்டீர்களே! மன்னரை வாழ்த்த மறுப்பவருக்கு என்ன பெயர்?"

திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். டோப்பா முடிக்குள்ளிருந்து வேர்வை ஒழுகியது. மற்ற பிரபுக்களும் ஒவ்வொருவராகக் கோப்பையை மேஜைக்கடியில் ஒளித்தார்கள். ஒருவர் பதற்றத்தில் கோப்பைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ராஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நான் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்ல இந்தப் படகில் ஒருவர்கூடவா இல்லை?"

"ஒருவன் இருக்கிறேன், மன்னா." வெல்டன் கோப்பையைத் தூக்கினார். "எனக்குத்தான் ஏற்கெனவே தூக்குத்தண்டனை ஆகிவிட்டதே! இந்த ராஜ்யத்தில் பயமில்லாமல் உங்களை வாழ்த்தக்கூடியவன் நான் ஒருவன்தான். மத்தியானத்துக்குமேல் அவனும் இருக்க மாட்டான்."

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கடலுக்கு அப்பால் இருப்பவன் எனக்கு என்ன செய்தான்?" என்றார். "என்னை வாழ்த்த வந்த வாயை எல்லாம் நானே அல்லவா அடைத்துவிட்டேன்!" தூக்கு ரத்தாயிற்று. "மார்ட்லாக், இன்றோடு அரண்மனைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. படகு கரை சேரும்வரை எழுந்து நின்று வாழ்த்திக்கொண்டே வாரும். சத்தமாக!"

"மன்னர் வாழ்க! மன்னர் வாழ்க!" தொண்டை கட்டித் தவளை மாதிரி ஆகும்வரை பிரபு கத்தினார். கரையில் சலவை செய்துகொண்டிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிழைத்தோம் என்று தெரிந்த பிறகுதான் வெல்டனுக்கு நடுக்கம் முழுசாக வந்தது. கோப்பை அவர் கையில் எட்டுத் திசைக்கும் ஆடியது. ராஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்தார்.

"குடியும், வெல்டன்" என்றார். "நான் பிடித்துக்கொள்கிறேன்."